முதுகு தெரிகிற இடம்

துணியைப் பிழிந்து பிழிந்து படகைத் துடைத்துக்கொண்டிருந்தாள் நிருபமா. ஞாயிற்றுக்கிழமை காலை. அடையாற்றில் இன்னும் வெயில் ஏறவில்லை.

பரிதி வந்து நின்றான். ஆறடி ஆள். கல்லூரிப் படகோட்டத்தில் பதக்கமாக வாங்கிக் குவித்தவன், இப்போது பாலம் கட்டும் இன்ஜினியர். அன்றைக்குத் துடுப்புப் போட்ட நான்கு தடியன்களையும் எதிரே உட்கார்ந்து அதட்டியே ஜெயிக்க வைத்தவள் இந்த நிருபமா. ஒரே வயதுதான். கேலிக்குத்தான் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போகப் போக அது நிஜமாகிவிட்டது.

"குருவே, நீ இன்னும் வளரவே இல்லையா?"

"எனக்கும் சேர்த்து நீதான் வளர்ந்துட்டியே. விஷயத்தைச் சொல்லு."

சொன்னான். அவன் குழுவில் முத்தெழில் என்று ஒரு பெண். போட்ட கணக்கையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பாள். கேட்டால், பாலமாச்சே சார் என்பாள். அவளால் எல்லாமே தாமதம். நாளைக்கு அவளைக் குழுவிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் அவளுக்கு வேலையே போய்விடும். அதுதான் சோறு இறங்கவில்லை.

"எடுத்துடலாமா, குருவே?"

நிருபமா துணியை உதறிப் போட்டாள். இருவர் படகைத் தண்ணீரில் இறக்கச் சொன்னாள். ஆளுக்கு ஒரே துடுப்பு. முதல் இடத்தில் அவன், அவன் முதுகுக்குப் பின்னால் அவள்.

பரிதி பழைய வேகத்தில் வலித்தான். படகு வட்டமடித்துப் போய் ஆகாயத்தாமரையில் முட்டியது. மறுபடி வலித்தான். மறுபடியும் அதே ஆகாயத்தாமரை.

"நீ மெதுவா வலிக்கிறே," என்றான்.

"அப்ப என்னை இறக்கி விட்டுட்டுப் போயேன்."

ஒற்றைத் துடுப்போடு எங்கே போவது? அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"காலேஜ்ல நீ எந்த இடம்?"

"எப்பவும் முதல் இடம். மத்த மூணு பேரும் என் முதுகைப் பார்த்துத்தான் வலிப்பாங்க."

"நீ யார் முதுகைப் பார்த்தே?"

"எனக்கு எதிர்ல உன் மூஞ்சிதான்."

சொல்லிவிட்டு ஏதோ யோசனையில் விழுந்தான்.

கரைக்கு வந்து இடம் மாறினார்கள். இப்போது அவன் முன்னால் அவளுடைய சின்ன முதுகு. அது சாய்ந்தபோது சாய்ந்தான், நிமிர்ந்தபோது நிமிர்ந்தான். படகு நூல் பிடித்தாற்போல் பாலம்வரை போய்த் திரும்பியது.

இறங்கும்போது கேட்டாள். "அந்தப் பொண்ணு ஆபீஸ்ல எங்கே உட்கார்றா?"

"எனக்குப் பின்னாடி. கடைசி மேசை."

படகுக் கொட்டகைப் பக்கமிருந்து, அவளிடம் துடுப்புப் பழகும் பிள்ளைகள் மேடம், மேடம் என்று ஒரே கூப்பாடு. கயிறு அவிழ்ந்து ஒரு படகு தானாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. நிருபமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்.

"நாளைக்குப் போனதும் முதல் வேலையா உன் நாற்காலியைத் தூக்கிட்டுப் போயி, அவளுக்குப் பின்னாடி போட்டு உட்காரு. எடுக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பார்த்துக்கலாம்."