அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா

"தெம்பை எப்படிம்மா மிச்சம் பிடிக்கறது?"

தாமோதரசாமி கேட்டாரு. கிரவுண்டுல நாலாவது ரவுண்டுலயே நாக்கு தள்ளிருச்சு. முட்டி மேல கையை ஊனிக்கிட்டு நின்னாரு.

"உங்களுக்கா சார், போனுக்கா?"

கேட்டது கோகிலவாணி. அவருக்கு ஓடக் கத்துக் குடுக்கற புள்ள, அவரோட போன் பொலம்பலைத் தெனமும் கேக்கறவ. அவளுக்கு இருபத்தி நாலு வயசு. அவருக்கு நாப்பத்தி மூணு, இருபது வருசமா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து சாப்ட்வேர் எழுதறவரு.

சின்னப் புள்ளன்னு லேசா நெனைக்காதீங்க. ஸ்கூல்ல படிக்கறப்ப ஜில்லா ஓட்டப்பந்தயத்துல அண்ணன் ஷூவுக்குள்ள பேப்பரைத் திணிச்சுக்கிட்டு ஓடி மொதலா வந்தவ. பாதி ஓட்டத்துல பேப்பரெல்லாம் வெளிய பறந்து, பின்னால வந்தவளுக மூஞ்சில ஒட்டிக்கிச்சாம். கப்போட வீட்டுக்குப் போனா, அண்ணங்காரன் கப்பைப் பாக்கல, ஷூவைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தானாம். சரி, அது கெடக்கட்டும்.

"ரெண்டுக்குந்தாம்மா," ன்னாரு தாமோதரசாமி.

மலை ஊருகள்ல வீடு வீடாப் போற நர்சம்மாக்களுக்கு ஒரு ஆப் எழுதிக் குடுத்திருந்தாரு. அடுத்து எந்த வீட்டுக்குப் போகணும்னு ஆபீஸ்லருந்து அதுலதான் சேதி வரும். நல்ல ஆப்புதான். என்ன, மத்தியானத்துக்குள்ள போன்ல சார்ஜ் தீந்துரும்.

போன வாரம் ருக்குமணின்னு ஒரு நர்சம்மா, பிரசவ வலி வந்த பொண்ணுக்கு, போன் அணைஞ்சு போயி ஜீப்பைக் கூப்பிட முடியாம, சரிவுல ரெண்டு மைல் எறங்கி ஓடிப் போயிச் சொல்லிருக்குது. தாயும் புள்ளயும் சுகம். பொட்டப் புள்ள, தலை நிறைய முடியாம், பாட்டி சாயலாம். ருக்குமணிக்குத்தான் கால் வீங்கிப் போச்சு.

திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா ஆப்பே வேண்டாம்னு நர்சம்மாக்களோட ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ரெண்டு வருச உழைப்பு.

"சார்ஜை எது சார் திங்குது?"

"ஆப்புதாம்மா. அஞ்சு செகண்டுக்கு ஒருக்கா ஆபீசைக் கேக்கும். சேதி இருக்கா, சேதி இருக்கான்னு."

"இருந்தா ஆபீசே சொல்லாதுங்களா?"

"சொல்லும். மொதல்ல அப்படித்தான் எழுதிருந்தேன். ஒரு நாள் ஒரு சேதி வந்து சேரல. அதுக்கப்புறம் எப்படிம்மா நம்பி விடறது?"

"எத்தனை தடவை சார் அப்படி?"

"அந்த ஒரு தடவைதான்."

கோகிலவாணி கிரவுண்டுக்கு வெளிய இருந்த குளத்துப் பக்கம் கையைக் காட்டினா.

"போனோட இயர்போனைக் காதுல மாட்டிக்கங்க. குளத்துக்கரை முடியற வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

ஓடினாரு. காலைக் காத்து ஜில்லுன்னு இருந்துச்சு. கரைமேல தண்ணிக் காக்கா ஒண்ணு, துணி காயப்போட்ட மாதிரி ரெக்கையை விரிச்சு நின்னுச்சு.

போன் அடிச்சுது.

"வந்துட்டீங்களா சார்?"

"இப்பத்தானேம்மா கெளம்பினேன்!"

இருபது அடி போயிருப்பாரு.

"வந்துட்டீங்களா சார்?"

"இல்லம்மா."

வெச்சாரு. மூச்சைப் பிடிச்சாரு. கால் ஒரு சீருக்கு வர்ற நேரம்.

"சார், வந்துட்டீங்களா?"

"வெளையாடறியா?"

"கேக்கறதுதானுங்க சார். வந்துட்டீங்களா?"

ஒம்பது தடவை. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லறதுக்கு மூச்சு போச்சு, மூச்சு போனதும் கால் தடுமாறுச்சு. பாதிக் கரை தாண்டறதுக்குள்ள நெஞ்சு தீயா எரிஞ்சுது. எதிர்ல வாக்கிங் வந்த ரெண்டு பேரு ஒதுங்கி வழி விட்டாங்க.

பத்தாவது தடவை அடிச்சுது.

"வந்துட்…"

"ஏம்மா! வந்தா நானே கூப்பிட்டுச் சொல்ல மாட்டனா?"

"சொல்லுவீங்களா?"

"சொல்லுவேன்!"

"மறந்துட்டீங்கன்னா?"

"என்னம்மா பேச்சு இது? என்னைக்கோ ஒரு நாள் மறந்தேன்னு, ஆயுசு பூரா என்னை இப்படியே கேட்டுக்கிட்டு…"

பேச்சு நின்னுச்சு.

காலும் நின்னுச்சு.

குளத்துல ஒரு மீனு துள்ளி விழுந்துச்சு. வளையம் பெருசாகிப் பெருசாகி, கரையில வந்து தொட்டுச்சு.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இனிமே கூப்பிடட்டுங்களா, வேண்டாமா?"

"வேண்டாம்மா. நானே கூப்பிடறேன்."

"செரிங்க சார்."

வெச்சுட்டா.

அவரு ஓடினாரு. போன் அடிக்கல. இடையில ஒருக்கா எடுத்துப் பாக்கலாமான்னு கை போச்சு, விட்டுட்டாரு. கால் அது பாட்டுக்குப் போச்சு, மூச்சு அது பாட்டுக்குப் பின்னால வந்துச்சு.

கோகிலவாணி கிரவுண்டு வாசல்ல நின்னா. அஞ்சு நிமிசமாச்சு. பத்தாச்சு. அவளுக்கும் கை துறுதுறுங்குது. கூப்பிடல. போனைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டா.

இருபத்தி ரெண்டாவது நிமிசம் பைக்குள்ள அடிச்சுது.

"வந்துட்டேம்மா."

அவ எட்டிப் பாத்தா. இந்தப் பக்கமும் ஆளைக் காணோம், அந்தப் பக்கமும் காணோம்.

"எங்க சார் வந்துட்டீங்க?"

"என் ஆபீசுக்கு. அந்த அஞ்சு செகண்டைத் தூக்கணும்ல."