அழித்த தூணின் நிழல்

குணசீலன் மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கும் பையனின் முகம் அவருக்கு. ஐம்பதை எட்டப்போகிற மனிதருக்கு அது பொருந்தவே இல்லை.

எதிரே இருந்த மீனலோசனி அவரைவிட ஆறேழு வயது இளையவர். ஆனாலும் குரு அவர்தான். கட்டட மேற்பார்வையாளராகப் பல வருஷம் வெயிலில் நின்றுவிட்டு, தன் பிள்ளைகள் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து கட்டடக் கலை படித்தவர் குணசீலன். அப்படி வந்தவரைக் கோவையில் ஓர் அலுவலகமும் சீந்தாதபோது, "நாளைக்கு வந்துடுங்க" என்று சொன்னவர் மீனலோசனி. தனியாகப் பெயர்ப் பலகை மாட்டிய பிறகும் குணசீலன் ஒரு சந்தேகமென்றால் ஓடி வருவது இங்கேதான்.

இப்போது வந்திருப்பது நல்ல சேதி. உடுமலைப்பேட்டையில் ஓர் அறக்கட்டளை ஊருக்கு வாசகசாலை கட்டப்போகிறது. கட்டி முடித்த வேலை ஒன்றின் படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். குணசீலன் தன் பெயரில் கட்டி முடித்தது ஒரே ஒரு வீடு, கிணத்துக்கடவில். வாசகசாலை கைக்கு வந்தால் அலுவலகம் பிழைக்கும். வராவிட்டால் பலகையைக் கழற்றிவிட்டு மறுபடியும் யாரோ ஒருவரின் கட்டடத்தில் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

"போட்டோகிராபர் யாக்கூப்பைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னீங்க மேடம். எதுக்குன்னுதான் எனக்குப் புரியலை. கோடு போட்டவன் நான். கட்டினவன் நான். நல்ல கேமராவும் இருக்குது. என் வீட்டுல எனக்குத் தெரியாததை இன்னொருத்தர் வந்து என்னத்தைப் பார்த்துடப் போறாரு?"

மீனலோசனி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"கூடம் இவ்வளவு பெரிசா விழுந்திருக்குதே. எங்க நின்னு எடுத்தீங்க?"

குணசீலனுக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது. "பிரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல மேடம். உள்ள நுழைஞ்சு ஒரு முக்காலி போட்டு ஏறிட்டேன். கட்டறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல படம் செஞ்சு வீட்டுக்காரருக்குக் காட்டினோமில்லீங்களா, அதே கோணம். அச்சு அசல்."

"அந்த வீட்டுல யாராச்சும் பிரிட்ஜுக்குப் பக்கத்துல முக்காலி போட்டு ஏறி நிப்பாங்களா?"

"நிக்க மாட்டாங்க."

"சரி."

அடுத்த படம். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் பாயும் கூடம். துடைத்து வைத்த தரை, தடங்கலே இல்லாத வெளி. குணசீலனுக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். மீனலோசனியின் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது.

"இது யாரோட நிழல், குணசீலன்?"

தரையில் நெடுக ஒரு நிழல் விழுந்து கிடந்தது. அதற்குச் சொந்தக்காரரைத்தான் காணோம்.

குணசீலன் குனிந்து பார்த்தார். வரைபடத்தில் அந்தக் கூடத்துக்குத் தூண் கிடையாது. மாடியில் வரப்போகும் தண்ணீர்த் தொட்டியின் கனத்தை அவர் கணக்கில் எடுக்க மறந்துபோனார். பாதிக் கட்டடத்தில் அது தெரியவந்து, கூடத்தின் நட்டநடுவில் ஒரு தூணை நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக அது குணசீலனை உறுத்திக்கொண்டே இருந்தது. மற்றப் படங்களில் தூண் விழாமல் ஒதுங்கி ஒதுங்கி எடுத்தார். இந்தப் படத்தில் ஒதுங்க வழியில்லை. கம்ப்யூட்டரில் தூணை அழித்துவிட்டார். நிழலை மறந்துவிட்டார்.

"அழிச்சுட்டேன் மேடம்."

"தூணை மட்டும்." மீனலோசனி மடிக்கணினியை மூடினார். "யாக்கூப் வர்றப்ப நீங்களும் கூடப் போங்க. ஒரே ஒரு கண்டிஷன். அவர் கேட்டாலொழிய நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

யாக்கூப் கிணத்துக்கடவுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தோளில் பையில்லை. கையையும் வெறுமனே வீசிக்கொண்டு வந்தார்.

குணசீலன் விடியற்காலையிலேயே வந்து செருப்புகளை, காலண்டரை, தண்ணீர்க் கேனை, வீட்டுப் பெரியவரின் மருந்து டப்பாவை எல்லாம் பின்கட்டில் ஒளித்து வைத்திருந்தார். வெறுங்கையைப் பார்த்ததும் கண்டிஷன் பறந்துபோனது.

"கேமரா எங்கீங்க?"

"இன்னைக்கு வேண்டாமுங்க சார்."

அவ்வளவுதான். குணசீலன் கையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைக்கூட யாக்கூப் கேட்கவில்லை. நேராக வீட்டுக்கார அம்மாள் சுலோச்சனாவிடம் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இந்த வீட்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச நேரம் எதுங்க்கா?"

சுலோச்சனா விழித்தார். எத்தனை கட்டில், சமையல் மேடை எவ்வளவு உயரம் என்றெல்லாம் குணசீலன் கேட்டிருக்கிறார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"சாயங்காலந்தானுங்க. மேக்கால ஜன்னல்ல வெயில் உள்ள வரும். மாமா வந்து தூணுல சாஞ்சு உக்காருவாரு. நான் அந்தப் பக்கம் சாஞ்சு கீரை ஆய்வேன்."

"ரெண்டு பேரும் பேசிட்டிருப்பீங்களா?"

"என்னத்தைப் பேசறது? அத்தை போனதுக்கப்புறம் பகல்ல வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். எங்களுக்குள்ள மாமனார் முன்னால மருமக உக்காரக் கூடாதுங்க. பழைய வீட்டுல அவரு கூடத்துல இருந்தாருன்னா நான் சமையக்கட்டை விட்டு வெளியவே வர மாட்டேன். இங்க நடுவுல தூண் இருக்குதல்ல? அவரு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மூஞ்சியைப் பார்த்தாத்தானே மரியாதைக் குறைச்சல்? அவரு இருமினா எனக்குத் தெரியும். நான் எந்திரிச்சா அவருக்குத் தெரியும். தனியா இருக்கற மாதிரியே தெரியறதில்லீங்க." கொஞ்சம் நிறுத்தி, குணசீலனைப் பார்த்துச் சிரித்தார். "இன்ஜினியரு எப்படித்தான் இதையெல்லாம் யோசிச்சு வெச்சாரோ!"

குணசீலன் தலையைக் குனிந்துகொண்டு வரைபடத்தை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

அன்று சாயங்காலம்வரை யாக்கூப் அந்த வீட்டில் வேறொன்றும் செய்யவில்லை. ஓரிடத்தில் உட்காருவார், எழுந்து போய் இன்னோரிடத்தில் உட்காருவார். வெயில் நகர நகரக் கூடவே நகர்ந்தார். கிளம்பும்போது, "காலண்டரையும் மருந்து டப்பாவையும் இருந்த எடத்துலயே வெச்சுடுங்க சார்," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துக் கேமராவோடு வந்தார். குணசீலன் அதற்கும் முன்னால் பெயிண்ட் டப்பாவோடு வந்திருந்தார். தூணின் இரண்டு பக்கமும், உட்கார்ந்தவர் தலை படும் உயரத்தில், எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மங்கலாக, கையகலத்துக்கு. படத்தில் விழுந்தால் அசிங்கமாயிற்றே என்று பிரஷ்ஷை நனைத்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த டப்பாவைக் கொஞ்சம் வெளிய வெச்சுடறீங்களா?" என்றார் யாக்கூப். குரலில் அதட்டல் இல்லை. குணசீலன் எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தார்.

அதற்குப் பிறகுதான் குணசீலன் தொழில் தெரிந்த ஒருவர் வேலை செய்வதைப் பார்த்தார். யாக்கூப் முக்காலித் தாங்கியைத் தாழ இறக்கி, தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் கேமராவை நிறுத்தினார். தூணின் விளிம்பு படத்தில் ஒரு நூல் சாய்ந்திருந்தது. தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்க்கும் கொத்தனாரைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இம்மி இம்மியாகத் திருப்பி நேராக்கினார். குணசீலனைப் பின்கதவை மூடச் சொன்னார். பிறகு பாதி திறக்கச் சொன்னார். மேகம் வந்து வெயிலை மறைத்தது. யாக்கூப் முகம் சுளிக்கவில்லை. மேகம் போகட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். என்ன பொறுமை, என்ன கண் இந்த மனிதருக்கு என்று குணசீலன் மனசாரச் சொல்லிக்கொண்டார்.

வெயில் திரும்பி வந்தபோது பெரியவர் பொங்கியண்ணன் அந்தப் பக்கமும் சுலோச்சனா இந்தப் பக்கமும் சாய்ந்திருந்தார்கள்.

"தம்பி, என்னையப் படம் புடிச்சுப் போடாதீங்க," என்றார் சுலோச்சனா பதறிப்போய்.

"சரிங்க்கா. நீங்க எந்திரிச்சுப் போங்க. முறம் அப்படியே இருக்கட்டும். ஐயா, உங்க துண்டும் அப்படியே இருக்கட்டுமுங்க."

கேமரா ஒரு தடவை சொடுக்கியது. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு யாக்கூப் தாங்கியை மடக்கிவிட்டார்.

படம் வந்த அன்று குணசீலன் தன் அலுவலகத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். நடுவில் தூண். ஒரு பக்கம் மடிந்து கிடக்கும் துண்டு. மறுபக்கம் பாதி ஆய்ந்த கீரையோடு முறம். இரண்டு பக்கமும் அந்தக் கறை, சாயங்கால வெயிலில் பொன்னாக. கூடம் இருக்கிற அளவுக்குத்தான் தெரிந்தது. ஆனாலும் அதற்குள் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. இதையா நான் கட்டினேன் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பயமும் கூடவே வந்தது. படத்தைத் தூக்கிக்கொண்டு மீனலோசனியிடம் ஓடினார்.

"ஆயுசுக்கும் இப்படி ஒரு படம் எனக்கு எடுக்க வராது மேடம். ஆனா இதை அனுப்பினா, கூடத்து நடுவுல தூணை நட்டவன் இவன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போகுமே. வேலை கையை விட்டுப் போயிடும். பழைய படத்துல அந்த நிழலையும் அழிச்சுட்டு அதையே அனுப்பிடட்டுமா?"

"படத்தைப் பார்த்துட்டு அவங்க வீட்டைப் பார்க்க வந்தாங்கன்னா?"

"வந்தா…"

"நீங்க அழிச்ச தூணுலதானே சாஞ்சு உக்காருவாங்க?"

குணசீலன் வீட்டுக்குப் போய் யாக்கூப்பின் படத்தை அனுப்பினார்.

அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் கிணத்துக்கடவுக்கு வந்தார்கள். தலைவராக இருந்த டாக்டர் அம்மாவுக்கு மூட்டுவலி. தாங்கித் தாங்கி நடந்து வந்தவர், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார்.

"ஏனுங்க, இந்தத் தூணை எதுக்கு இங்க வெச்சீங்க?"

சுலோச்சனா ஆவலோடு குணசீலனைப் பார்த்தார். எதையாவது அழகாகச் சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"என் தப்புங்க அம்மா. மேல தண்ணித் தொட்டி வரும்ங்கறதைக் கணக்குல எடுக்க மறந்துட்டேன். கனம் தாங்கறதுக்காக வெச்சது. அந்தம்மா நெனைக்கிற மாதிரி நான் ஒண்ணும் யோசிக்கலை."

டாக்டர் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் இறங்கி, அதில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் அவர் மடியில் விழுந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தப்பைத் தப்புன்னு சொல்ற ஆள் இவரு," என்றார், கண்ணைத் திறக்காமலே, கூட வந்தவர்களிடம். "பார்த்துட்டீங்கல்ல? அப்புறம் என்ன, இவரையே போட்டுடலாம்."

குணசீலன் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு மீனலோசனியின் அலுவலகத்துக்கு வந்தார். சந்தோஷத்தில் டப்பாவைத் திறக்கவும் வரவில்லை, மூடவும் வரவில்லை.

"நாளைக்கே கோடு போட உக்கார்றேன் மேடம். வாசகசாலை கட்டி முடிஞ்சதும் முதல் வேலை, யாக்கூப்பைக் கூப்பிடறதுதான். சத்தியமா இனிமே நானா கேமராவைத் தொட மாட்டேன்."

"கட்டி முடிஞ்சதுக்கு அப்புறமா?" என்றார் மீனலோசனி. "இன்னைக்கே கூப்பிட்டு அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அங்க என்ன மேடம் இருக்குது? வெறும் பொட்டல். படம் எடுக்க ஒண்ணுமே இல்லையே."

மீனலோசனி ஒரு மைசூர்பாகை எடுத்துக்கொண்டார்.

"கேமரா வேண்டாம்னு சொல்லிடுங்க."