இனிப்பு மாறும் நேரம்

தேரிக்காட்டு மடத்தில் பதநீர் குடிக்கலாம். கள் கூடாது. குடித்தவர் அன்றே மூட்டையைக் கட்ட வேண்டும்.

தவசிக்கண் லாரி ஓட்டிக் களைத்து, போக்கிடம் இல்லாமல் மடத்துக்கு வந்த சீடர். மடத்தின் குருவான பொன்னம்மையைவிட அவர் வயதில் மூத்தவர். ஒரு நாள் காலையில் சமையல்காரர் கோலப்பன் அவரைக் குருவின் முன் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அம்மா, டிரைவர் பனையேறிகிட்ட கள்ளு வாங்கிக் குடிச்சார். என் கண்ணால பார்த்தேன்."

"கள்ளா? அப்பத்தான் மரத்துல இருந்து இறக்கினது. தேனா இனிச்சுது" என்றார் தவசிக்கண்.

"அதே கலயத்தைக் குடிச்சுத்தானே சாயங்காலம் ஊரே தள்ளாடுது?"

"சாயங்காலம் கள்ளுதான். காலையில இனிப்பு." தவசிக்கண் சட்டென்று குருவின் பக்கம் திரும்பினார். தன்மேல் விழுந்த பழிகூட அவருக்கு மறந்துவிட்டது. "நடுவுல எப்பம்மா மாறுது?"

பொன்னம்மை அதேபோல் ஒரு கலயம் வாங்கிவரச் சொல்லி, முற்றத்தில் வைத்தார்.

"உட்காரும். அவ்வப்போது குடித்துப் பாரும். கள்ளானதும் துப்பிவிட்டு என்னைக் கூப்பிடும். அதுவரை குடித்ததெல்லாம் இனிப்பு என்று ஒப்புக்கொள்கிறேன்."

தவசிக்கண் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடித்தார்.

"இனிப்பு."

வெயில் ஏறியது.

"இனிப்புதான். கொஞ்சம் நுரை."

இன்னும் ஏறியது.

"லேசாப் புளிப்பு. அதுனால என்ன? மாம்பழம் புளிக்காதா?"

உச்சிவேளையில் அவர் கோலப்பனைக் கட்டிப்பிடித்தார்.

"மச்சான்! உன் பாயசத்தைவிட இது இனிப்பு மச்சான்!"

"விடும் ஓய்! அம்மா, இவரைப் பாருங்க!"

தவசிக்கண் அங்கேயே படுத்துத் தூங்கினார்.

விழித்ததும் முகம் கழுவிக்கொண்டு, மூட்டையை எடுத்தார்.

"எங்கே?" என்றார் பொன்னம்மை.

"கள்ளு குடிச்சிட்டேனே அம்மா."

"எந்தச் சிரட்டையில்?"

தவசிக்கண் நின்று யோசித்தார்.

"தெரியலை. கடைசிவரைக்கும் இனிப்பாத்தான் இருந்துது."

"எந்தச் சிரட்டைக்காக உம்மை அனுப்ப? மூட்டையை வையும்."

வைத்தார். ஆனாலும் முகம் தெளியவில்லை.

"குடிக்கிறவனுக்கே தெரியாதுன்னா, நான் எப்படித் தப்பிக்க?"

"பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்களே, எப்போது?"

"பாளையில கட்டுறதுக்கு முன்னால."

"புளித்த பிறகு தடவினால்?"

தவசிக்கண் முற்றத்தில் கிடந்த சிரட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.