கூகைக்கு விட்ட துளை

கூகைக்கும் எலிக்கும் மனிதரோடு பேசுகிற வாய் இருந்த அந்தக் காலத்தில், ஜெர்மனி தேசத்தின் வடக்கே, கடலுக்குப் போகிற ஓர் ஆற்றின் கரையில் ஒரு வியாபாரத் தெரு இருந்தது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. தெருவைப் பார்த்த முகம் குறுகல். உள்ளே நடந்தால் ஆற்றங்கரை வரைக்கும் நீளம். கீழே கடையும் குடியிருப்பும். மேலே, செங்குத்தான கூரைக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பரண்கள். சரக்கெல்லாம் பரணில்தான் கிடக்கும். ஆறு பெருகினால் கடைக்குள் தண்ணீர் வரும், பரணுக்கு வராது. கூரைக்கு அடியில் ஒரு கப்பி தொங்கும். படகில் வந்த மூட்டையைக் கயிற்றில் கட்டி இழுத்து மேலே ஏற்றுவார்கள்.

கூரையின் இரண்டு சரிவும் கூடுகிற இடத்தில், தெருப்பக்கம் முக்கோணமாக ஒரு சுவர் நிற்கும். அதை முகட்டுச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது வெறும் பலகைச் சுவர். வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும். உச்சியில் எப்போதும் ஒரு சந்து விழுந்திருக்கும். அந்தச் சந்து வழியாகத்தான் கூகை வரும், போகும். பகலில் பரணில் தூங்கும். இருட்டினால் எலி பிடிக்கும். நடுவில் எப்போதாவது கிரீச்சென்று ஒரு கத்தல். அதற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அதுவும் கேட்டதில்லை.

அந்தத் தெருவில் தீட்மார் என்று ஒரு தானிய வியாபாரி. அவன் மனைவி அல்கே. கடையும் பேச்சும் தீட்மாருடையது. பரண் முழுக்க அல்கேயின் பொறுப்பு. அவர்கள் பரணில் கிடந்தது ரை. ரை என்பது கோதுமைக்குத் தம்பி மாதிரி ஒரு தானியம். ரொட்டி கொஞ்சம் கருப்பாக வரும், அவ்வளவுதான். அதிலும் அது அவர்களுடைய தானியம் இல்லை. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால் கப்பல் வராது. பனி உருகும் வரை ஊர் முழுக்க அந்த ரையைத்தான் தின்றாக வேண்டும். ஊரிலேயே உலர்ந்த பரண் அதுதான் என்று நம்பி, ஊர்க்காரர்கள் அதை அல்கேயிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

குவித்த தானியம் சும்மா கிடந்தால் சூடேறும். அதனால் அல்கே நீளக் காம்பு வைத்த மரத் துடுப்பால் வாரம் தவறாமல் அதைப் புரட்டிப் போடுவாள். போட்டுவிட்டு, முழங்கை வரை உள்ளே கையை விட்டுப் பார்ப்பாள். கை குளிர்ந்தால் மனம் குளிரும்.

இப்படி இருக்கையில், எதிர்வீட்டு உப்பு வியாபாரி போப்போ கடலோரப் பட்டணங்களைச் சுற்றிவிட்டு வந்தான். வந்ததும் பலகைச் சுவரைப் பிடுங்கி எறிந்தான். செங்கல்லில் முகட்டுச் சுவர் எழுப்பினான். சுவரின் இரண்டு ஓரமும் படிப்படியாக மேலே ஏறி உச்சியில் கூடின. கூரையைவிடச் சுவர் உயரம். சுவர் நிறைய ஜன்னல் வடிவங்கள். ஆனால் அவை திறக்கிற ஜன்னல் அல்ல, செங்கல்லிலேயே ஜன்னல் போலக் குழித்துவிட்ட பொய் ஜன்னல்கள்.

"அஞ்சு படி!" என்று போப்போ தெருவில் நின்று சொன்னான். "பலகை வீட்டுக்காரங்க யாரும் நிமிர்ந்து பாத்துக் கழுத்தைச் சுளுக்கிக்க வேண்டாம்."

அது போதாதா? அடுத்த வீட்டுக்காரன் ஏழு படி வைத்தான். தீட்மார் ஒன்பது வைத்தான். உச்சியில், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், குடும்ப அடையாளம் செதுக்கிய ஒரு கல்.

அந்தக் கல்லை வைக்கும்போது கொத்தனார் கேட்டார்: "உச்சியில ஒரு துளை விடட்டுமா? பழைய சுவர்ல ஒரு சந்து இருந்துச்சே."

"ஓட்டை வீடுன்னு போப்போ சிரிக்கறதுக்கா? அடைச்சிடுங்க" என்றான் தீட்மார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் கூகை வேட்டை முடிந்து திரும்பியது. சந்து இருந்த இடத்தில் கல் இருந்தது. அலகால் இரண்டு தட்டுத் தட்டியது. கீழே அல்கேயோடு வாசலில் நின்ற தீட்மார், "வேற இடம் பாத்துக்கோ. நீ கத்தறது தெருவுக்கே கேக்குது, மானம் போகுது" என்றான். கூகை அவனைப் பார்த்தது, அல்கேயைப் பார்த்தது, ஒன்றும் பேசாமல் ஊருக்கு வெளியே இருந்த மாவு ஆலைப் பக்கம் பறந்துபோனது. அல்கேக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் சுவர் அழகாகத்தான் இருந்தது, வாயை மூடிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. மழை நின்று குளிர் ஏறியது. ஆற்றின் ஓரங்களில் மெல்லிசாகப் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிய ஒரு காலையில் அல்கே மேல்பரணுக்கு ஏறினாள். குவியலின் உச்சியில் ஒரு கிழட்டு எலி கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓடக்கூட இல்லை.

"வாங்கம்மா" என்றது எலி. "வீட்டை நல்லா அடைச்சுக் குடுத்தீங்க. காத்து கிடையாது, கூகை கிடையாது. சொந்தக்காரங்க எல்லாரையும் வரச் சொல்லிட்டேன்."

"இரு, துடுப்பை எடுக்கிறேன்."

"எடுங்க, எடுங்க. நாங்களே கீழ்ப்பரணுக்குத்தான் மூட்டை கட்டிட்டிருக்கோம். இந்த ரையை மனுஷன் தின்பானா தெரியலை, எலி தின்னாது. சுடுது, நாறுது."

அல்கே துடுப்பைக் கீழே போட்டாள். முழங்கை வரை கையை விட்டாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் வயிறு மாதிரி இருந்தது. அப்போது பிடரியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கூரையைத் தாங்கிய கைமரங்கள் முழுக்க வியர்த்து, வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. வெளியே மழை இல்லை.

தானியம் மூச்சு விடுகிறது. அந்த மூச்சு மேலே போய் முட்டி, போக வழியில்லாமல் தண்ணீராகித் தானியத்தின் மேலேயே விழுகிறது. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் பரண் முழுக்க முளைவிட்டு அழுகும். ஆறு உறைந்ததும் ரொட்டி சுடுகிறவர்கள் வருவார்கள். அவர்களுக்கு எதை அள்ளிக் கொடுப்பது? ஊர் எதைத் தின்னும்?

படியிறங்கி ஓடினாள். "உச்சிக் கல்லை எடுக்கணும்" என்றாள்.

தீட்மார் திகைத்தான். "எந்தக் கல்லை? நம்ம அடையாளக் கல்லையா? அதுக்குப் பேசாம என் மூக்கை அறுத்து வாசல்ல மாட்டிடு. கீழ்க்கதவைத் திறந்து வை, காத்து வரட்டும்."

"கீழ திறந்தா கீழதான் வரும். சூடு மேல நிக்குது. நீங்க வந்து கையை விட்டுப் பாருங்க."

"எதிர்வீட்டுல பார். அவனும்தான் அடைச்சுக் கட்டினான். ராஜா மாதிரி நிக்கிறான்."

எதிர்வீட்டு வாசலில் போப்போ நின்றுகொண்டிருந்தான். கையை ஆட்டி, "எல்லாம் பிரமாதம்!" என்று கேட்காமலே சொன்னான். அவனுக்குப் பின்னால், நிலைப்படி வழியாக ஒரு தண்ணீர்க் கோடு தெருவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவன் செருப்பை நகர்த்தி அதை மறைத்தான்.

அல்கே விறுவிறுவென்று உள்ளே போனாள். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ஏறினாள். தீட்மார் முனகிக்கொண்டே பின்னால் வந்தான். மேல்பரணில் ஏணி சாத்தி, கல்லைச் சுற்றி உளியை வைத்தாள். இரண்டு அடியிலேயே சுண்ணாம்புக் காரை ஈர மாவாக உதிர்ந்தது. உள்ளே இருந்த ஈரத்தில் அது இறுகவே இல்லை.

"வெளியே தள்ளிடாதே, தெருவில யார் தலையிலாவது விழும்" என்றான் தீட்மார். பிறகு மெதுவாக, யாரும் சொல்லாமலே, தானியக் குவியலுக்குள் கையை விட்டான். விட்டதும் வெடுக்கென்று உருவினான். முகம் வெளுத்துப்போயிற்று. கப்பிக் கயிற்றை இழுத்து வந்து அவளிடம் நீட்டினான். "கல்லில் சுத்திக் கட்டு. நான் உள்பக்கமா இழுக்கிறேன்."

அவள் கட்டினாள். அவன் இழுத்தான். கல் ஒரு தரம் அசைந்தது, இரண்டாம் தரம் வாய் திறந்தது, மூன்றாம் தரம் உருண்டு வந்து ரைக் குவியலில் பொத்தென்று புதைந்தது.

அடைந்து கிடந்த ஆவியெல்லாம் ஒரே மூச்சில் துளை வழியாகக் கிளம்பியது. குளிரில் அது வெள்ளைத் தூணாகக் கூரைக்கு மேலே எழுந்து நின்றது.

"நெருப்பு!" என்று எதிர்வீட்டிலிருந்து போப்போ அலறினான். "தீட்மார் வீடு பத்திக்கிச்சு! ஓடி வாங்க!"

தெருவே வாளியோடு ஓடி வந்தது. ஏழு படிக்காரன் முன்னால் வந்து வாளித் தண்ணீரைத் தீட்மார் வீட்டுக் கதவில் ஊற்றியும் விட்டான். துளை வழியாக அல்கேயின் தலை வெளியே தெரிந்தது.

"நெருப்பு இல்லை! புழுக்கம்! தானியம் புழுங்குது! கூகைச் சந்தை அடைச்சது தப்பு!"

கூட்டம் வாளியைக் கீழே வைத்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழு படிக்காரன் தொண்டையைச் செருமினான். "எங்க வீட்டுலயும்... கம்பளி மூட்டையெல்லாம் பூசணம்" என்றான். இன்னொருவன், பீர் காய்ச்ச வைத்திருந்த பார்லி முளைத்துவிட்டது என்றான்.

எல்லாரும் போப்போவைப் பார்த்தார்கள். போப்போ தன் வாசலில் அந்தத் தண்ணீர்க் கோட்டின் மேலிருந்து செருப்புக் காலை எடுத்தான். "உப்பு அழுவுது" என்றான் கடைசியில். "என் உப்புல பாதி தெருவுக்கே ஓடிடுச்சு. யம்மா அல்கே, வேலை முடிஞ்சா அந்த உளியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இறக்கி விடுறியா?"

அப்போதுதான் சிரிப்பு வந்தது. வாளி தூக்கி வந்த அத்தனை பேரும், தண்ணீர் சிந்தச் சிந்தச் சிரித்தார்கள். தீட்மாரும் சிரித்தான்.

அல்கே மேலே கெட்டுப்போன ஓர் அடுக்கை வாரி ஆற்றில் கொட்டினாள். மீதியை விடாமல் புரட்டினாள். அன்று மாலை கையை விட்டபோது வெதுவெதுப்பு. சில நாள் கழித்து விட்டபோது ஆற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி. அவள் அந்தக் குவியலிலேயே சாய்ந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வெறுமனே மூச்சு விட்டாள்.

எலிகள் பாக்கி இருந்தன. அவள் ஆலைக்கு நடந்து போனாள். கூகை உத்திரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"வழி திறந்திருக்கு" என்றாள் அல்கே. "இதை முன்னமே சொல்லியிருக்கலாமே. தானியம் அழுகும்னு ஒரு வார்த்தை."

"யார் கேட்டாங்க?" என்றது கூகை. "கத்தாதேன்னு சொன்னாங்க. அதனால கத்தலை."

"இப்ப வா. எத்தனை வேணும்னாலும் கத்து."

"கதவு கிதவு வைப்பீங்களா?"

"வைக்க மாட்டோம்."

"அழகா இல்லைன்னு பூ வேலை செஞ்சு அடைப்பீங்களா?"

"மாட்டோம். எங்க அடையாளம் போட்ட கல்லையே எடுத்துட்டோம், பூவா வைக்கப் போறோம்?"

கூகை ஒரு கண்ணைத் திறந்தது. "எலி நிறையவா?"

"சொந்தக்காரங்களோட வந்திருக்கு."

கூகை இரண்டாவது கண்ணையும் திறந்தது.

ஆறு முழுக்க உறைந்த நாளில் ரொட்டி சுடுகிறவர்கள் வந்தார்கள். ரையை அள்ளி முகர்ந்து பார்த்தார்கள், தலையாட்டினார்கள், மூட்டை கட்டினார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஊரில் ஒரு வீட்டிலும் ரொட்டிக்குக் குறைவில்லை. தெருவில் எல்லா வீட்டு உச்சியிலும் அதற்குள் ஒரு துளை விழுந்திருந்தது.

அந்தக் குளிர்காலம் தொட்டுத்தான், அந்தத் தெருவில் எத்தனை படி வைத்து எவ்வளவு அலங்காரமாக முகட்டுச் சுவர் எழுப்பினாலும், உச்சியில் கூகை நுழைகிற அளவு ஓர் இடத்தை மட்டும் அடைக்காமல் விடுகிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற வெளியூர்க்காரர்கள், பாவம், அங்கே கல் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.