ஆமை முதுகில் ஒரு பிடிப் பாசி

காட்டோரக் குளம் ஒன்றில் கோமளம் என்ற தவளை குடியிருந்தாள். மூத்த மகள் செண்பகத்துக்குக் கல்யாண வயது. கடைசியாகப் பிறந்தவையோ இன்னும் வால் உதிராத தலைப்பிரட்டைகள், ஒரு பட்டாளம்!

பெரிய ஏரியிலிருந்து செண்பகத்தைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. கோமளத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஊர்ச் சாக்கடை வந்து விழும் மூலையில் பச்சைப் பசேலென்று ஒரே பாசி!

"ஐயோ, மானம் போச்சே! குளத்தைப் பெருக்காத குடும்பம்னு சொல்லிடுவாங்களே!"

உடனே எருமை கருப்பாயியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தப் பாசியைத் துளிகூட விடாம வாரிக் கரையில போட்டுடுங்க!"

"அதுக்கென்ன தாயி, கொம்பு வேற எதுக்கு இருக்கு?" என்று கருப்பாயி வழித்துப் போட்டாள்.

ஆமை மொக்கையனின் முதுகில் மட்டும் பாசி மெத்தைபோல் கிடந்தது.

"அண்ணே, முதுகைத் தேய்ச்சுக் குளிங்க! சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பாங்க?"

"நான் குளத்துலேயேதான் கிடக்கேன். இன்னும் எங்க போய்க் குளிக்க?"

"அப்ப அவங்க போற வரைக்கும் கண்ணுல படாதீங்க!"

மொக்கையன் முணுமுணுத்துக்கொண்டே கோரைப்புல்லுக்குள் போய் ஒளிந்தான்.

மறுநாள் தண்ணீர் கண்ணாடிபோல் மின்னியது. கண் பட்டுவிடுமே என்று கோமளம் குளத்துக்கே திருஷ்டி கழித்தாள். ஆனால் சாக்கடை வழக்கம்போல் வந்துகொண்டுதான் இருந்தது. அதைத் தின்ன இப்போது பாசி இல்லை. நாலைந்து நாளில் தண்ணீர் கறுத்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன.

"அம்மா, பசிக்குது! எங்க பாசி எங்கம்மா?" என்று தலைப்பிரட்டைகள் அழுதன.

கோமளத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளைகள் சோற்றையல்லவா வாரிக் கொட்டியிருக்கிறாள்! கரைக்குத் தாவினாள். அங்கே பாசி வெயிலில் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்தா மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்க வேண்டும்! மாப்பிள்ளையின் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது? பச்சைக் குளம்னு கேள்விப்பட்டுத்தானே வந்தோம்! எங்க ஏரியிலயும் சாக்கடை விழுது. பாசி வளர்க்கத் தெரிஞ்ச வீட்டுப் பொண்ணு வேணும்னு பார்த்தோம். பச்சையை எங்க காணோம்?"

"வாரிப் போட்டுட்டேங்க."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னுதான்!"

"நல்லா இருக்கு! பாசி வந்ததும் சொல்லி விடுங்க" என்று வந்தவர்கள் மூக்கைப் பிடித்தபடியே திரும்பினார்கள்.

கோமளம் கரையிலிருந்த பிள்ளையாரைப் பார்த்து முன்னங்கால்களைக் கூப்பினாள். "அப்பனே, கல்யாணம் மெதுவா நடக்கட்டும். என் குஞ்சுகளுக்கு ஒரு வாய்ப் பாசி கொடுப்பா!"

கோரைப்புல் சலசலத்தது. "பாசி என்கிட்ட இருக்கு! இப்படியே வரலாமா, இல்ல குளிச்சிட்டு வரணுமா?"

"மொக்கையண்ணே! ஆயுசுக்கும் குளிக்காதீங்க!"

மொக்கையன் சாக்கடை வந்து விழும் மூலையில் போய்ப் படுத்தான். தலைப்பிரட்டைகள் அவன் முதுகை மொய்த்தன.

"பாதிதான் திங்கணும்! மிச்சம் வளரட்டும்!" என்று கோமளம் காவல் இருந்தாள்.

வெயில் பட்டுப் பாசி கல்லுக்குக் கல் தாவியது. சாக்கடையைத் தின்று தின்று கொழுத்தது. நாற்றம் போயிற்று. கெண்டைகள் நிம்மதியாக அடியில் இறங்கின. போகப் போகப் பாசி குளத்தையே மூடப் பார்த்தது. அப்போதும் கருப்பாயிதான் வந்தாள்.

"அக்கா, மேலே மண்டினதை மட்டும் வாருங்க! அடியில கொம்பு வைக்காதீங்க!"

பிறகென்ன, கல்யாணம்தான்! "சீர் என்ன செய்யட்டும்?" என்று கோமளம் கேட்டாள்.

"ஒரு பிடிப் பாசி போதும்" என்றாள் சம்பந்தியம்மா.

சீர்ப் பாசியை முதுகில் சுமந்துகொண்டு மொக்கையன் குளிக்காமலே முன்னால் நடந்தான். மணப்பெண் பின்னால் தாவித் தாவிப் போனாள்.

ஊர் மெச்ச வேண்டுமென்று ஒன்றைத் துடைத்தெறியும் முன்னே, அது அழுக்கா, அழுக்கைத் தின்று நம்மைக் காப்பதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.