கல் அழுத வழக்கு

முன்னொரு காலத்தில், மலையும் மதியத் தூக்கமும் நிறைந்த மஞ்சுநாட்டைக் கனவழுதி என்றொரு ராசா ஆண்டுவந்தான். பாதி நாள் ஆண்டான், மீதி நாள் கனவு கண்டான் என்று சொல்வதுதான் நியாயம். கனவில் மயில் வந்தால் நாட்டுக்கே விடுமுறை. கனவில் மாமியார் வந்தால் கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள். கனவுக்குப் பலன் சொல்ல வரகுணர் என்றொருவர் இருந்தார். ராசா கண் திறந்ததும் தன் முகம்தான் தெரிய வேண்டும் என்று கட்டிலருகிலேயே உட்கார்ந்திருப்பார். மந்திரி இளநாகனைப் பார்த்து ராசா லேசாகச் சிரித்தாலே போதும், வரகுணருக்கு வயிறு எரியும்.

ஒரு மதியம், பனி சன்னல் வழியே படுக்கைவரை வந்துவிட்ட நேரத்தில், ராசா ஒரு கனவு கண்டான். ஊருக்கு வடக்கே இருக்கும் கரும்பாறை மலை ஓசைப்படாமல் நடந்து வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதது. அதன் கண்ணீர் தரையில் விழுந்து நீலமாய் எரிந்தது. ராசாவுக்குப் பயமே வரவில்லை. அந்த மலையைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது. கையை நீட்டுவதற்குள் சமையற்கட்டில் ஒரே கூச்சல், விழித்துவிட்டான்.

கூச்சலுக்குக் காரணம் அடுப்பு. சமையற்காரி அங்கம்மை, ஏடு ஏடாக உரியும் கரும்பாறைக் கல்லை மலையிலிருந்து கொண்டுவந்து புது அடுப்பு கட்டியிருந்தாள். சோறு வேகும் முன்பே கல் வியர்த்தது, கறுப்பாய் ஒழுகியது, விறகை இழுத்த பின்னும் தானே எரிந்தது.

வரகுணர் அவளைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார். "மன்னா, கனவில் மலை ஏன் அழுதது என்று இப்போது புரிகிறதா? இவள் சூனியம் வைத்து அழவைத்திருக்கிறாள். கல்லை அழவைப்பவர் எவரானாலும் நாடு கடத்த வேண்டும். இல்லாவிட்டால் மலை கோபித்து ஊர்மேல் சரியும்!"

"ஐயோ சாமி, நான் நெருப்பு மூட்டினேன், அவ்வளவுதான்" என்றாள் அங்கம்மை. "எனக்கு இந்த ஊரை விட்டால் போக்கிடம் கிடையாது."

ராசா இன்னும் கனவின் மிச்சத்தில் மிதந்துகொண்டிருந்தான். "கல்லை அழவைப்பவர் எவரானாலும் நாடு கடத்தப்படுவார்" என்று கையை அசைத்துவிட்டான்.

இளநாகன் எழுந்தான். "வரகுணர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், மன்னா. ஆனாலும் நாளைக்கு யாராவது, சூனியம் தெரியாதவர் மூட்டினாலும் கல் அழுமோ என்று கேட்டுவிட்டால்? சூனிய வாடையே படாத ஒருவர் நம் கண்முன் தீ மூட்டட்டும். கல் அழாவிட்டால் இவள் குற்றம் ருசுவாகிவிடும். அப்படிப்பட்ட தூயவர் இந்தச் சபையில் வரகுணரைத் தவிர யார்?"

வரகுணருக்குத் தலைகால் புரியவில்லை. "நானே செய்கிறேன்!" என்று மார்தட்டினார்.

கல்லை அவரே பொறுக்கினார். அதில் யாரும் எண்ணெய் தடவியிருக்கக்கூடாது என்று சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். உடைத்து, அந்தப்புரத்தில் பன்னீர் வடிக்கும் செப்புப் பானையில் போட்டு, காற்றுப் புகாமல் மூடியைச் சுற்றிக் களிமண் பூசினார். பானையின் நீண்ட மூக்கு ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து, மறுபக்கம் ஒரு கிண்ணத்தின்மேல் வந்து நின்றது. அடியில் அவரே தீ மூட்டினார்.

காத்திருந்தார்கள். அந்த வெதுவெதுப்பில் சபையே சொக்கிப்போனது. சாமரம் வீசுபவள் கை பாதியில் நின்றது. பனி உள்ளே வந்து தூண்களைச் சுற்றிக்கொண்டது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"வெறும் தண்ணீர்!" என்று குதித்தார் வரகுணர்.

"கல்லில் இருந்த ஈரம் அது. இன்னும் கொஞ்சம் விறகு வைக்கலாமே" என்றான் இளநாகன்.

வைத்தார். பானையின் அடி சிவந்தது. உள்ளே கல் விரியும் சத்தம், யாரோ உறக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் மெல்லக் கேட்டது. ஒரு கனத்த வாடை வந்தது. பிறகு பழுப்பாய் ஒரு துளி எண்ணெய், அதன் பின்னே இன்னொன்று. இளநாகன் குத்துவிளக்கின் திரியை மூக்கின் நுனியில் காட்டினான். வெறும் காற்று பற்றிக்கொண்டு நீலமாய் எரிந்தது.

ராசா சிம்மாசனத்தை விட்டு இறங்கிவிட்டான். "இதேதான்! கனவில் வந்தது இதேதான்!" அவன் கண் கலங்கிவிட்டது.

"கல் அழுதுவிட்டது, மன்னா" என்றான் இளநாகன். "அழவைத்தவர் வரகுணர். தங்கள் ஆணைப்படி..."

காவலர்கள் ஓரடி முன்னே வைத்தார்கள்.

"நான் என்ன சூனியக்காரனா?" என்று அலறினார் வரகுணர். "சூடு, மன்னா, எல்லாம் சூடு! கல்லுக்குள் இருந்தது சூட்டில் வெளியே வந்தது. யார் மூட்டினாலும் வரும்!"

"யார் மூட்டினாலுமா?" என்று கேட்டான் இளநாகன்.

"யார் மூட்டினாலும்!"

"அங்கம்மை மூட்டினாலும்?"

வரகுணர் காவலர்களைத் திரும்பிப் பார்த்தார். "அவள்... அவள் மூட்டினாலும்தான்."

பானை ஆறியதும் இளநாகன் ஒரு கல்லை எடுத்துக் காட்டினான். கல் லேசாகி, ஏடு ஏடாகப் பிளந்திருந்தது. ஓர் ஏட்டில் மீன் முள்ளின் அச்சு. "அந்த மலை ஒரு காலத்தில் ஏரியின் அடிச்சேறு, மன்னா. பாசியும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் செத்து அதில் படிந்தன. மேலே மண் விழுந்து அழுத்த, சேறு கல்லாயிற்று. உயிர்களின் மிச்சம் எண்ணெயும் ஆகாமல், மட்கியும் போகாமல் உள்ளே உறங்கிக் கிடந்தது. நல்ல சூடு பட்டதும் அது உடைந்து எண்ணெயும் எரியும் காற்றுமாகிறது. அந்தக் காற்றே கல்லைப் பிளந்து வழி தேடிக்கொள்கிறது. பூமிக்கடியில் இதே வேலை யுகக்கணக்கில் நடக்கும். நாம் ஒரு மதியத்தில் முடித்துவிட்டோம்."

"அப்படியானால் என் கனவு பொய்யா?" என்று ராசா ஏக்கத்தோடு கேட்டான்.

"கனவு மெய், மன்னா. பலன்தான் பொய்."

ராசா தன் கைக் கடகத்தைக் கழற்றி அங்கம்மைக்குக் கொடுத்து, "தவறு செய்ய இருந்தேன், மன்னித்துக்கொள்" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அரண்மனை விளக்குகளுக்குக் கல் எண்ணெய் வடிக்கும் வேலை வரகுணருக்குப் போயிற்று. கட்டிலருகே உட்கார்ந்த மனிதர், முகமெல்லாம் கரியாகப் பானையருகே உட்கார்ந்தார்.

சபை கலையும்போது ராசா மந்திரியின் காதோரம் குனிந்தான். "கல்லிலிருந்து எண்ணெய் வந்த விதம் புரிந்தது. வரகுணர் வாயிலிருந்து உண்மை வந்ததே, அது எப்படி ஐயா?"

"அதே முறைதான், மன்னா. காற்றுப் புகாமல் நாலு பக்கமும் அடைத்துவிட்டு, மெதுவாகச் சூடேற்றினேன்."