பரங்கிக் கொடியில் நின்ற ஒரே பிஞ்சு

முன்னொரு காலத்தில் நெடும்பாறை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கோபம் வந்தால் கண்மண் தெரியாது. அவனுடைய மந்திரி சாத்தப்பர், எதையும் நாலு தரம் பார்த்துவிட்டு ஒரு தரம் பேசுகிறவர். அந்த மந்திரி ஆசனத்தின்மேல் கண்ணாக இருந்தவர் பிரதானி அரங்கேசர். ராஜா தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

ராஜாவுக்கு ஒரே மகள், தையல்நாயகி. ஆறு வயது. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், அரண்மனைத் தோட்டத்தில் தன் கையாலேயே நாலு பரங்கி விதை ஊன்றினாள். நாலில் ஒன்றுதான் முளைத்தது. அது நாலு இலை விடுவதற்குள், புன்னை மரத்துத் தேன்கூடு கலைந்து குழந்தையைக் கொட்டித் தீர்த்துவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் அவள் போய்விட்டாள்.

பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு ராஜா சொன்ன ஒரே வார்த்தை, தன் நாட்டில் ஒரு தேனீகூட மிஞ்சக் கூடாது என்பதுதான். அரங்கேசர் தீவட்டியும் ஆட்களுமாகக் கிளம்பினார். ஒரு மாதத்தில் மரப்பொந்து, பாறையிடுக்கு, கூரை இறவாணம் ஒன்றையும் விடவில்லை. சாத்தப்பர் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அது அவர் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

மார்கழி வந்தது. கொடி வேலியெல்லாம் படர்ந்து பூத்தது. ராஜா சாப்பாட்டை மறந்தாலும் அதைப் பார்க்க மறப்பதில்லை. ஒரு காய் முற்றி விதை கிடைத்தால் மகள் கைபட்டது அடுத்த வருஷமும் முளைக்கும். இல்லையென்றால் இந்தக் கொடியோடு சரி. ஆனால் பிஞ்சோடு வந்த பூவெல்லாம் இரண்டே நாளில் வெம்பி உதிர்ந்தது.

தோட்டக்காரன் பேச்சிமுத்து ராசி கெட்டவன், அவனை வேலைக்கு வைத்ததே மந்திரிதான் என்று அரங்கேசர் ராஜாவின் காதில் ஓதினார். பதினைந்து நாளில் ஒரு காய் நிற்காவிட்டால் பேச்சிமுத்துவின் தலை உருளும் என்று ராஜா சபையிலேயே சொல்லிவிட்டான்.

சாத்தப்பர் மூன்று நாள் விடியலில் கொடியருகே போய் உட்கார்ந்தார். அடியில் பிஞ்சுள்ள பூ ஒரு வகை, பிஞ்சில்லாத பூ ஒரு வகை. மஞ்சள் தூள் பிஞ்சில்லாத பூவில்தான் இருந்தது. அரண்மனைப் பெண்கள் அதைத்தான், காய்க்காத பூ என்று பறித்துக்கொண்டுபோய் மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டையில் செருகினார்கள். முன்பெல்லாம் இரண்டு பூவிலும் நுழைந்து, உடம்பெல்லாம் அந்த மஞ்சளைப் பூசிக்கொண்டு திரிந்தது யார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நேராகச் சபைக்குப் போய்ப் பந்தயம் கட்டினார். மறுநாள் இரண்டு பிஞ்சுப்பூ விரியும், ஒன்று பிரதானிக்கு, ஒன்று தனக்கு. ஒரே கொடி, ஒரே தண்ணீர். பிரதானியின் பூ நின்றால் மந்திரிப் பதவி அவருக்கு என்றார். அரங்கேசருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் அரங்கேசர் தன் பூவுக்குப் பட்டுக்குடை பிடித்தார், பன்னீர் தெளித்தார், சாம்பிராணி காட்டினார். சாத்தப்பர் வெறுங்கையோடு வந்தார். வாசல் கோலத்தைத் தாண்டும்போது குனிந்து ஒரு பரங்கிப் பூவை எடுத்துக்கொண்டார். இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுத்தண்டைத் தன் பூவுக்குள் மெல்லத் தடவினார். பிறகு கை கழுவப் போய்விட்டார். சாணியில் இருந்த பூவா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாம் நாளே பட்டுக்குடைப் பூ வெம்பி விழுந்தது. ஐந்தாம் நாள் சாத்தப்பரின் பிஞ்சு எலுமிச்சை அளவுக்குப் பருத்திருந்தது. ராஜா அதைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"என்ன மந்திரம் போட்டீர்?"

"மந்திரம் இல்லை மகாராஜா. இந்தப் பூவின் தூள் அந்தப் பூவில் சேர்ந்தால்தான் காய். தேன் குடிக்க வருகிற ஈ அதைச் சுமந்துபோய்ச் சேர்க்கும். நாம்தான் அதைக் கொளுத்திவிட்டோமே. அதன் வேலையை ஒரே ஒரு பூவுக்கு நான் செய்தேன்."

அவ்வளவுதானே, பத்து ஆளை விட்டால் நாட்டையே தடவிவிடலாம் என்றார் அரங்கேசர். பத்து ஆள் எதற்கு, நீர் ஒருவரே போதும் என்று ராஜா அவரை வெள்ளரித் தோட்டத்துக்கு அனுப்பினான். உச்சிப்பொழுதுக்குள் இடுப்பு ஒடிந்து இருநூறு பூ தொட்டிருந்தார். அதிலும் பாதிக்குமேல் பிஞ்சில்லாத பூவையே பிஞ்சில்லாத பூவோடு உரசி வைத்திருந்தார். தொடாத பூவெல்லாம் அதற்குள் வாடிச் சுருண்டுவிட்டது. தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பிரதானி பட்டம் அன்றோடு போயிற்று.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பர் கழுத்தில் போட வந்தான். பாதியில் கை நின்றது.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"உங்கள் மடியில் குழந்தை கிடந்தது, மகாராஜா. எனக்கு வாய் வரவில்லை. தப்பில் பாதி என்னுடையது."

மாலையை, தலை தப்பிய பேச்சிமுத்துவுக்குப் போடச் சொல்லிவிட்டார்.

கொளுத்தத் தெரிந்த ராஜாவுக்குக் கூப்பிடத் தெரியவில்லை. அடுத்த நாட்டு மலைக்குத் தானே நடந்துபோனான். தேன் எடுக்கிறவர்களிடம் கைகூப்பி நின்று, மண்பானையில் குடியிருந்த ஒரு தேனீக் கூட்டத்தை வாங்கிவந்தான். பானையைக் கொடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

விடிந்ததும் ஒரு தேனீ வெளியே வந்தது. காவலாட்கள் பின்வாங்கினார்கள். அது பூவுக்குள் புகுந்து, மஞ்சளாக வெளியே வந்து, ராஜாவின் புறங்கையில் உட்கார்ந்தது. பிள்ளையைக் குழியில் இறக்கிய கை அது. அடித்துவிடுவானோ என்று சாத்தப்பர் ஓரடி முன்னால் வந்தார். ராஜா அசையவே இல்லை. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், மகளைப் படுக்கையிலிருந்து எழுப்புகிற குரலில் சொன்னான்.

"போம்மா. போய் வேலையைப் பார்."

தேனீ அடுத்த பூவுக்குப் போயிற்று.